ஆணியில் ஏழு சாவிகள்

நூறு சொற்களுக்கு மேல் போகக்கூடாது என்றார்
வசிப்போர் குழுச் செயலாளர் ஹரிதாஸ்.
மேடையில் படிக்க வேண்டுமாம்.
"உங்க அம்மாவைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா, மேகலை?"

தெரியாததைத்தான் முதலில் எழுதினேன்.

கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி.
அதில் ஏழு சாவிகள், ஏழு நிற நூல்கள்.
சிவப்பு, ஒன்பதாம் மாடி மேடம் கோ:
குளியலறையில் இரண்டு முறை வழுக்கி விழுந்தவர்.
மஞ்சள், இரவுப்பணித் தாதி நூர்ஹலிசா:
அவர் வந்துசேரத் தாமதமானால்
பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப.
ஊதா யாருடையது?
நீலம்?
கேட்டால், "பாவம், தனியா இருக்காங்க" என்பாய்.
பெயர் மட்டும் சொல்ல மாட்டாய்.

பிறகு தெரிந்ததை எழுதினேன்.

திங்கள், புதன், வெள்ளி
அப்பாவுக்கு ரத்தச் சுத்திகரிப்பு.
நான்கு மணி நேரம் இயந்திரம் சுற்றும்.
அந்த நான்கு மணி நேரத்தில் நீ
பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவிக்கு
உதவித்தொகைப் படிவம் நிரப்பித் தருவாய்.
பள்ளிக்கூட ஆங்கிலம் ஐந்தாம் வகுப்போடு நின்றது உனக்கு.
படிவங்களின் ஆங்கிலத்தை மட்டும்
தனியாகக் கற்றுக்கொண்டாய்.

தொடக்கப்பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் பதினெட்டு வருடம்.
காசு கொண்டுவராத பிள்ளையிடம்
"நேத்து உனக்கு மிச்சம் தர மறந்துட்டேன்" என்று
இல்லாத பாக்கிக்கு
ஒரு தட்டு மீ கோரெங் நீட்டுவாய்.

புளோக்கில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும்
உன் பெரிய ஃபிளாஸ்க் மின்தூக்கியில் இறங்கும்.
சீன வீட்டுத் துக்கத்தில் நிலக்கடலை எங்கே வைப்பது,
மலாய் வீட்டில் எந்நேரம் போய் நிற்பது,
எல்லாம் உனக்குத் தெரியும்.
யார் சொல்லித் தந்தது என்றுதான் எனக்குத் தெரியாது.

அறுபத்தெட்டுச் சொற்கள். அங்கேயே நிறுத்தினேன்.

எழுதி அடித்த வரிகளும் உண்டு.
என் ஓ லெவல் கணிதத் தேர்வன்று காலை
நீ வீட்டில் இல்லை.
நான்காம் மாடியில் யாருக்கோ மூச்சு வாங்கியது,
ஆம்புலன்சில் ஏறிப் போய்விட்டாய்.
மூடிவைத்த தோசை. பக்கத்தில் ஒரு சீட்டு:
"நல்லா எழுது. மிளகாய்ப்பொடி புது டப்பாவில்."
அந்தச் சீட்டை மன்னிக்க வெகுகாலம் ஆனது.
மன்னித்துவிட்டேனா என்பதும் நிச்சயமில்லை.
புளோக்கே உன்னை அம்மா என்று கூப்பிட்டபோது
எனக்கென்று வேறொரு சொல் தேடினேன்.
அகப்படவில்லை.

ஞாயிறு மாலை, புக்கிட் பாத்தோக்,
நம் புளோக்கின் கீழ்த்தளம்.
வழக்கமாக நாற்காலி போடுபவள் நீ.
இந்த முறை ஐந்து மணிக்கு முன் வரவே கூடாதென்று கட்டளை.
நாலே முக்காலுக்கே வந்துவிட்டாய்,
மாம்பழ நிறச் சேலையில்.
மூன்றாம் வரிசையை ஒரு பார்வை பார்த்து
ஓரத்திலிருந்து இரண்டு நாற்காலிகளை எடுத்தாய்.
"மிஸ்டர் லிம்மோட சக்கர நாற்காலி எங்க நிக்கும்?"
யாரும் யோசித்திருக்கவில்லை.

அறிவிப்பாளர் தடுக்கித் தடுக்கி உன் பெயரைப் படித்தார்:
மேடம் தனபாக்கியம்.
என் சொற்கள் ஒலிபெருக்கியில்
வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்லின.
நீ கேட்கவே இல்லை,
எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாய்.
திரும்பினேன்:
தேநீர்க் கலனின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

கைதட்டினார்கள்.
நான்காம் மாடி, ஒன்பதாம் மாடி,
இல்லாத பாக்கியை ஒருகாலத்தில் வாங்கித் தின்றவன்
இப்போது தேசிய சேவைச் சீருடையில் எழுந்து நின்று.
நானும் தட்டினேன்,
கொஞ்சம் தாமதமாக.

கூட்டம் கலைந்த பிறகு
பைக்குள் கையை விட்டேன்.
பொங்கோல் வீட்டுச் சாவி. குடிபோய் மூன்று வருடம்.
நீ கேட்டதில்லை, நான் கொடுத்ததுமில்லை.
"அம்மா, நூல் ஏதாவது மிச்சம் இருக்கா?"

கண்ணாடிக் கேடயத்தை
பீ ஹூன் பாத்திரத்தின் மூடிமேல் வைத்துவிட்டு
சாவியைப் பார்த்தாய்.
என்னைப் பார்த்தாய்.
"பச்சை இருக்கு," என்றாய்.
"முதல்ல இந்த மேசையோட அந்த முனையைப் பிடி."